தூக்கக் கலக்கத்தில் அடித்தவை

இவருக்குத் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. உயரமான ஒவ்வொரு கட்டடத்துக்கும் நடுவயிற்றில் ஒரு இருட்டுக் குழி உண்டு. வாரத்தில் ஆறு நாள் இவர் அதற்குள்தான் கிரீஸ் கையோடு நிற்பார். ஏழாம் நாள், யாராவது தூக்கிப் போடப் பார்த்த கிழட்டுக் கணினி ஒன்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோகும்.

இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "உன்னை எப்படி மறக்கிறது? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திட்டுறியே" என்பார். அதுவும் நிஜம்தான். எனக்கு வாய் நீளம். இவருக்குக் காது என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குப் பல நாள் சந்தேகம்.

இந்தக் கணினிக் கிறுக்கு தொடங்கியது ஒரு தூறல் நாளில். எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் ஆறு கணினிகள் இருந்தன. ஒருநாள் ஆறிலும் ஒரே அறிவிப்பு வந்தது, இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பராமரிப்பு கிடையாது என்று. செயலாளர் ஒரு வாரம் யோசித்துவிட்டு ஆறையும் வாசலில் அடுக்கிவிட்டார், பழைய சாமான்காரர் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்று. வேலை முடிந்து அந்த வழியாக வந்த இவர், அவை நனைவதைப் பார்த்திருக்கிறார். ஸ்கூட்டரில் இரண்டு இரண்டாக மூன்று நடை. நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், கூடத்தில் ஈரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. என்னுடைய நல்ல துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"பாவம், நனைஞ்சுக்கிட்டு நின்னுது."

"நாய்க்குட்டிக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க. செத்துப் போச்சுன்னுதானே வெளியில வெச்சாங்க?"

"சாகல. உடம்பு நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்குற சிஸ்டம்தான் பழசாயிடுச்சு. அதை எடுத்துட்டு வேற வெச்சா எழுந்து உக்காந்துடும். லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. இலவசமாம்."

"இலவசமா எவன் குடுப்பான்? உள்ள ஏதாவது வில்லங்கம் இருக்கும்."

"இல்ல. முகம் தெரியாத ஆளுங்க, ஊருக்கு ஒருத்தரா உக்காந்து எழுதுறாங்களாம். யாரு வேணா எடுத்துக்கலாமாம். பிரிச்சுப் பார்க்கலாமாம். புடிக்கலைன்னா மாத்திக்கலாமாம்."

இதைச் சொல்லும்போது இவர் முகம் இந்த வீட்டிலேயே இல்லை. துண்டு கையில் இருந்தது, கண் சுவரில் இருந்தது. எங்கெங்கோ அறைகளில், விளக்கைப் போட்டுக்கொண்டு, தன்னைத் தெரியாத ஒருவருக்காக எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஆட்களை நேரில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் ஆறும் எழுந்து உட்கார்ந்தன. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். இப்போது முகம் கழுவக்கூட நேரம் தரவில்லை. படிப்பகத்தில் பேச்சு பரவ, ஆள் மாற்றி ஆள் வர ஆரம்பித்தார்கள். ஸ்கூட்டரில் ஒட்டியிருந்த லினக்ஸின் பெங்குயின் ஸ்டிக்கரைப் பார்த்துத் தெருவில் இவருக்குப் பெங்குயின்காரர் என்று பெயர் விழுந்தது. என் நாத்தனார் ஒருதடவை வந்துவிட்டு, "அண்ணன் லிஃப்டுல ஏறினா மேல போவாரு, கீழ போவாரு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா எங்க போறாருன்னே தெரியலையே அண்ணி" என்றாள். எனக்கும் தெரியாது. பழையதை அழித்துவிட்டுப் புதியது ஏறுகிற அந்த அரை மணி நேரம், திரையில் ஒரு நீலப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். இவர் கன்னத்தில் கைவைத்து அதையே பார்ப்பார்.

"இந்த நேரத்துல இது யாரு சொல்லு? பழசும் போயிடுச்சு, புதுசும் இன்னும் வரல. நடுவுல எங்க இருக்கும் இது?"

"அடுப்புல பால் இருக்கு. அது எங்க இருக்கும்னு போய்ப் பாருங்க."

போவார். பால் பொங்கி வழிந்து முடிந்திருக்கும்.

கிறுக்கு என்றாலும் வேலையில் சுத்தம். எதையும் அழிப்பதற்கு முன்னால், கணினிக்குச் சொந்தக்காரரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். "காலையில வந்ததும் முதல்ல எதைத் தொறப்பீங்க? அப்புறம் எதை? மாசத்துக்கு ஒரு தடவை தொறக்கிறது ஏதாவது இருக்கா?" என்று பதினாலு கேள்வி. பதிலையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதி, கீழே அவர்களிடம் கையெழுத்து வாங்குவார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அம்மா ஒருவர், எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றார். ஒன்பதாவது கேள்வியில் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். முக்கியமானதையெல்லாம் அந்த அம்மா குப்பைத்தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். எப்போதும் திரையின் மூலையிலேயே நிற்கிறதே, எடுக்கவைக்கச் சுலபம் என்று. இவர் சிரிக்கவில்லை. "குப்பைத்தொட்டி, முழுசா" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஏழு வருடத்தில் நூற்றுச் சொச்சம் கணினிகள். இவர் தொடாமல் விட்டது என்னுடையதை மட்டும்தான். நான் விடவில்லை.

அது எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக ஆறு வருடம் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்தேன். பள்ளிக்கூடக் கேள்வித்தாள், அறிவிப்புப் பலகை, விசிட்டிங் கார்டு. எங்கள் முதலாளி ஒரு தினுசான மனிதர். சந்தையில் கிடைத்த தமிழ் எழுத்துரு எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே ஒன்று வரைந்தார். எந்த விசையில் எந்த எழுத்து வர வேண்டும் என்பதையும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார். அது அவருக்கும் எங்கள் நாலு பேருக்கும் மட்டுமே பழக்கம். கடையை மூடியபோது, நான் உட்கார்ந்த கணினியை எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். அங்கே எல்லாம் ஆங்கிலம். தமிழில் தட்டச்சு செய்வது வீட்டில், அந்தப் பழைய பெட்டியில், ஒரே ஒரு கோப்பில் மட்டும்.

அந்தக் கோப்பில் இருந்தது என் தங்கை.

எங்களோடுதான் இருந்தாள். இருபத்தாறு வயது. காய்ச்சல் என்று படுத்தவள் பதினோரு நாளில் போய்விட்டாள். போய் ஒரு மாதம் கழித்து என் கனவில் வந்தாள். சோகமாக எல்லாம் வரவில்லை. "அக்கா, என் சீப்பை நீதானே எடுத்த?" என்று சண்டைக்கு வந்தாள். விழித்ததும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. பல் விளக்கக்கூட இல்லை, ஓடிப்போய்க் கணினியைப் போட்டு, அவள் சொன்னதை அப்படியே அடித்து வைத்தேன். அன்றிலிருந்து அவள் வரும் கனவையெல்லாம் அடித்து வைத்தேன். ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன், அவள் சொல்லாத ஒரு வார்த்தையைக்கூடச் சேர்க்கக் கூடாது. மறந்துபோன இடத்தில் புள்ளி வைத்துவிடுவேன். பதினான்கு வருடத்தில் இருநூற்று ஆறு கனவு. இறந்தபிறகு என் தங்கை பேசிய பேச்சு முழுவதும் அந்த ஒரு கோப்பில் இருந்தது.

இவரிடம் இதைச் சொல்லவில்லை. விடியற்காலையில் ஏதோ தட்டுகிறாள் என்று மட்டும் தெரியும். கேட்கவும் மாட்டார். அடுத்தவர் கோப்பைப் படிக்காத ஆள், பெண்டாட்டி கோப்பையும் படிக்க மாட்டார்.

போன வருடம் பெட்டிக்கு வயதாகிவிட்டது. சுவிட்சைப் போட்டால் கண்விழிக்கப் பதினோரு நிமிடம். கனவு பதினோரு நிமிடம் நிற்குமா? நான் இருட்டுத் திரைக்கு முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவள் சொன்னதை முணுமுணுத்தபடி உட்கார்ந்திருப்பேன். திரை வெளுக்கும்போது பாதி வடிந்து போயிருக்கும். அவள் வருவதும் குறைந்துவிட்டது. வருடத்துக்கு மூன்று, நான்கு. அதையும் புள்ளி புள்ளியாக எழுதுவதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே, "என்னுதையும் மாத்திக் குடுங்க" என்றேன். இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

மறுநாள் எனக்கு வேலை. இவர் லீவு போட்டுக்கொண்டார். நான் வந்து பார்ப்பதற்குள் முடித்து வைத்து அசத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நூற்றுச் சொச்சம் பேரை உட்காரவைத்துக் கேட்ட பதினாலு கேள்வியை என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நம்ம வீடுதானே, நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு. என் கோப்புகள் இருந்த இடத்தை மொத்தமாக நகல் எடுத்தார். பிறகு பழையதை அழித்தார். நீலப் பட்டை ஓடியது. நான் வரும்போது பெட்டி பளபளவென்று நின்றது. விசைகளில் புதுத் தமிழ் எழுத்துகளைக்கூட ஒட்டி வைத்திருந்தார்.

"சுவிட்சைப் போடு. நாப்பது விநாடி. எண்ணிக்கோ."

நாற்பதுகூட ஆகவில்லை. கோப்பு இருந்தது, அதே இடத்தில், அதே பெயரில். திறந்தேன். உள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் பக்கம் பக்கமாகக் கொட்டிக் கிடந்தன.

இவர் குனிந்து பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கோப்பு வந்துவிட்டது, எழுத்துரு வரவில்லை. மற்ற வீடுகளில் ஏழாவது கேள்வியே அதுதான், "என்ன எழுத்துல அடிப்பீங்க?" வழக்கமான எழுத்துருக்கள் எல்லாம் இவர் கையில் இருந்தன. என் முதலாளி வரைந்தது உலகத்திலேயே அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதன் தலைமேல்தான் புதியது போய் உட்கார்ந்திருந்தது.

நான் சத்தம் போடவில்லை. அதுதான் இவரைப் பயமுறுத்தியது. "என்ன இருந்துச்சு அதுல?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை சொன்னேன். தங்கை கனவில் வருவதையும், அவள் பேச்சு முழுவதும் அதில் இருந்ததையும் சொன்னேன். இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. தங்கை போன அன்று இவர் பக்கத்தில் இல்லை. ஊரின் மறுகோடியில் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் நாலு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் குழிக்குள் இருந்தார், போன் மேலே பையில் இருந்தது. நான் இருபத்தேழு தடவை கூப்பிட்டேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்பே வந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு இவர்மேல் கோபம், பதினான்கு வருடமாக. அதை இவரிடம் சொன்னதும் இல்லை, இவர் கேட்டதும் இல்லை. அவளைப் பற்றிய பேச்சே வீட்டில் நின்றுபோனது.

அடுத்த ஒரு வாரம் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருள் என்று என்னென்னவோ ஓட்டிப் பார்த்தார். பழைய கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கடை. முதலாளி எப்போதோ காலமாகிவிட்டார். அவர் மகன் போனில், "அப்பா வரைஞ்சாரா? அவருக்கு வரையத் தெரியுமா?" என்றாராம். கூட வேலை பார்த்த மூன்று பேரும் திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டோடு வந்து முன்னால் உட்கார்ந்தார்.

"எழுத்துரு போனா போகட்டும். எந்த விசைக்கு எந்த எழுத்துன்னு தெரிஞ்சா போதும், மொத்தத்தையும் புதுத் தமிழுக்கு மாத்திடலாம். சொல்லு. 'க' எந்த விசை?"

யோசித்தேன். தெரியவில்லை.

"'ப'?"

"தெரியலைங்க."

"ஆறு வருஷம் அடிச்சே. அதுக்கப்புறம் பதினாலு வருஷம் அடிச்சே."

"கைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

விசைப்பலகையில் கையை வைத்துப் பார்த்தேன். வைத்ததுமே மனசு நடுவில் வந்து நின்றுகொண்டது. இது 'க'வா, இல்லை அதுவா என்று. விரல்கள் ஊர் தெரியாத ஆட்கள் மாதிரி முழித்தன. எனக்கு அழுகை வந்தது. "இவ்வளவுதான் போங்க. அவ ரெண்டாவது தடவையும் போயிட்டா" என்று கத்தினேன். அந்த வாரத்தில் நான் போட்ட முதல் சத்தம் அது.

இவர் நோட்டை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, "அதையெல்லாம் எப்ப அடிப்ப நீ?" என்றார்.

"எழுந்ததும். கண்ணுகூடச் சரியாத் தொறந்திருக்காது."

"அப்ப போய்த் தூங்கு."

"என்னது?"

"தூங்கு. நான் எழுப்புறேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பகலில் தூங்கச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. வராது வராது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்துவிட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது, யாரோ என் கால் கட்டைவிரலை லேசாகத் தொட்டார்கள். மடியில் எதையோ வைத்தார்கள். என் கைகள் தாமாகவே அதன்மேல் போய் உட்கார்ந்தன. அறை முழுக்கப் பழுப்பு வெளிச்சம், எது கட்டில் எது சுவர் என்று பிரியவில்லை. மிக மெல்லிய குரலில் யாரோ கேள்வித்தாள் வாசித்தார்கள்.

"பின்வருவனவற்றுக்கு ஓரிரு வரிகளில் விடை தருக."

அடித்தேன். நான் அடிக்கவில்லை, கை அடித்தது.

"கோடிட்ட இடங்களை நிரப்புக."

அடித்தேன்.

"இங்கே வாகனங்களை நிறுத்தாதீர்கள்."

கடையில் ஆயிரம் தடவை அடித்த வரிகள். என் வாயால் எப்போதோ கேட்டு நினைவில் வைத்திருக்கிறார். காது இல்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரையில் குப்பை குப்பையாக எழுத்து விழ, இவர் மோடாவில் உட்கார்ந்து நோட்டில் ஒன்றொன்றாகக் குறித்தார். நான் தெளிய ஆரம்பித்தால் விரல் தடுமாறும். உடனே, "சரி, படு" என்பார். படுப்பேன். அந்தப் பிற்பகலில் நாலு தடவை தூங்கினேன், நாலு தடவை எழுப்பினார். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், நீலப் பட்டையைப் பார்த்து இவர் கேட்ட அந்த எங்கேயோ ஒரு இடத்தில், எனக்கு மட்டும் எல்லா எழுத்தும் தெரிந்திருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. 'ங'வுக்கும் 'ஞ'வுக்கும் சரியான வரி கிடைக்காமல் இவர் வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்று யோசித்திருக்கிறார். "மஞ்சள் அங்கி அணிந்த மாணவர்கள் இங்கே நிற்கவும்" என்று ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படிப் பலகை வைப்பார்கள் என்று தூக்கக் கலக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றிரண்டு எழுத்துகளை ஊகித்து நிரப்பிவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. கை சொல்லாத எதையும் போடக் கூடாது என்றேன். முதலாளியின் முறையில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். அது தெரியாமல் மாற்றியதில் முதல் தடவை கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் போய் ஏறிக்கொண்டது. தங்கை குடித்துவிட்டு உளறுகிற மாதிரி இருந்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு வாரம், அதையும் கோப்பைப் படிக்காமல் கேள்வித்தாள் வரிகளை வைத்தே செய்தார்.

நாலாவது ஞாயிறு, திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "பாரு. நான் கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினார். கடையில் வாங்க ஒன்றும் இல்லை.

"அக்கா, என் சீப்பை நீதானே எடுத்த?"

அப்படியே இருந்தது. புள்ளி வைத்த இடத்தில் புள்ளிகூட இருந்தது. அன்று முழுவதும் படித்தேன். அவள் மழையில் நனைந்த செருப்பைப் பிழிந்ததைப் படித்தேன். பேருந்தில் எனக்கு ஜன்னலோர இடம் தர மறுத்ததைப் படித்தேன். "உனக்கு வயசாயிடுச்சு அக்கா, எனக்கு ஆகவே மாட்டேங்குது" என்று ஒரு கனவில் அலுத்துக்கொண்டதைப் படித்தபோது சத்தம்போட்டு அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். எனக்கு அந்த நிமிடம் இவர்மேல் இருந்த ஆசைக்கு அளவே இல்லை. ஆனாலும் பழைய கோபம் அடியில் ஒரு ஓரமாக இருக்கத்தான் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"உன் முதலாளி விசைப்பலகையை அப்படியே இதுலயும் செஞ்சு வெச்சுடுறேன். ஒரு வாரம் பொறு. அதுவரைக்கும் இந்த ஒட்டியிருக்குறதைப் பார்த்து அடி" என்றார்.

என் தங்கை ஒரு வாரம் பொறுக்கவில்லை. மூன்றாம் நாளே வந்துவிட்டாள்.

விடிந்தும் விடியாத நேரம். எழுந்தேன், ஓடினேன், சுவிட்சைப் போட்டேன். நாற்பது விநாடியில் திரை தயார். கையை வைத்தால் விசைகளில் எல்லா எழுத்தும் இடம் மாறியிருந்தது. ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. முதல் வரியைத் தேடித் தேடி அடிப்பதற்குள் மூன்றாவது வரி கரைய ஆரம்பித்துவிட்டது.

"ஏங்க! எழுந்திரிங்க! வந்து எழுதுங்க!"

இவர் பதறியடித்து எழுந்து வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, நாற்காலியின் பாதியில் ஒண்டிக்கொண்டு, இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பெரிய கட்டடம். நீளமா நடை. எல்லாக் கதவும் தொறந்து கிடக்கு. அவ தரையில உக்காந்து ஆரஞ்சு உரிச்சுட்டு இருக்கா."

"ஆரஞ்சு. ம்."

"'அக்கா, எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி திரைச்சீலை போட்டிருக்காங்க. எது என் வீடுன்னே தெரியல'ன்னு சொல்றா. நான், 'வாசல்ல பேர் போட்டிருக்கும் பாரு'ன்னு சொல்றேன். 'இங்க யாருக்கும் பேர் கிடையாதுக்கா'ன்னு சிரிக்கிறா. அப்புறம் ஒரு சுளையை எனக்கு நீட்டுறா. புளிப்பு. அவ்வளவுதான். முழிச்சுட்டேன்."

விசைச் சத்தம் தத்தித் தத்திப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. முடித்துவிட்டார் என்று கண்ணைத் திறந்தேன். இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருடம் கழித்து அவள் பேசியதை இவர் கேட்பது அதுதான் முதல் தடவை. விரல் விசைகளுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது.

"அவ..." என்று இழுத்தார். "என் மேல கோபமா இருக்காளா?"

இருநூற்று ஏழு கனவு. ஒன்றிலும் அவள் இவரைப் பற்றிப் பேசியதில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. கோபம் எனக்குத்தான் இருந்தது. இத்தனை வருடமும் இவர் என் கோபத்தைப் பார்த்து, அது அவளுடையது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்ல" என்றேன். "இப்பக்கூடச் சொன்னா. 'அத்தான் மேல எனக்கென்ன கோபம்'னு."

"எப்ப சொன்னா?"

"ஆரஞ்சு உரிக்கும்போது."

திரையில் ஆரஞ்சு வரி இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப அதையும் போடணும், இல்ல?"

"போடுங்க."

'அ' எங்கே இருக்கிறது என்று தேடினார். கண் மறைத்ததோ என்னவோ, அகப்படவில்லை. அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.